தானே மூடிக்கொள்ளும் கதவு



பதுளைக்குச் செல்லும் புகைவண்டி பட்டிப்பொளையில் ஏறத்தாழ 1900 மீற்றர் உயரத்தில் மலைமுகட்டைக் கடக்கின்றது. அங்கிருந்து அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல என்று இறங்கி, தெமோதரையிலே தன் பாதையைத் தானே வளைத்து, நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துள் நுழைந்து, கடல்மட்டத்துக்கு மேல் 650 மீற்றரளவில் உள்ள பதுளையை அடைகின்றது. முகட்டுக்கும் முடிவிடத்துக்கும் இடையே 1200 மீற்றருக்கு மேற்பட்ட இறக்கம். 1924ஆம் ஆண்டில் இப்பாதை பதுளையை எட்டிய நாள்தொட்டு இறங்கிய வண்டிகளின் எண்ணிக்கையை யார் கணக்கிட்டனர்? பெட்டியில் அமர்ந்து தேயிலைச் சரிவுகளையும் பள்ளத்தாக்குகளையும் பார்த்துக்கொண்டு செல்லும் பயணி, இத்துணைப் பாரத்தையும் மலையின் மேல் பிடித்து வைத்திருப்பது யாது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமலிருக்க இயல்வதே ஒரு பெரும் பேறு என்க.

இப்பாதையில் நெடுங்காலமாக வழங்கியது வெற்றிடப் பிரேக்கு. வண்டியின் முதற்பெட்டி முதல் கடைப்பெட்டி வரை ஒரு குழாய் ஓடுகின்றது. எஞ்சின் அக்குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டேயிருக்கும். குழாயுள் வெற்றிடம் நிலவும்வரை பிரேக்குக் கட்டைகள் சில்லுகளை விட்டு விலகி நிற்கும். குழாயுள் காற்றுப் புகுந்தாலோ, ஒவ்வொரு பெட்டியின் அடியிலுமுள்ள உருளையில் முசலத்தைக் காற்றமுக்கம் தள்ள, கட்டைகள் சில்லுகளைப் பற்றிக்கொள்ளும். ஓட்டுநர் வேண்டுமென்று காற்றை விட்டாலும் பற்றும். குழாய் வெடித்தாலும் பற்றும். பெட்டிகளின் இணைப்பு அறுந்து வண்டி இரண்டானாலும், இரு துண்டுகளிலும் பற்றும். வண்டியை நிறுத்துவதற்கு எவரும் எதுவும் செய்யவேண்டுவதில்லை. ஓடவிடுவதற்கே இடையறாத முயற்சி வேண்டும்.

இவ்வமைப்பு எளிதில் வந்துவிட்டதென்று நினைத்தல் வேண்டா. இதற்குமுன் இருந்த பிரேக்கிலும் இதே குழாய் உண்டு, இதே வெற்றிடம் உண்டு. ஆனால் அதில் வெற்றிடம் உண்டானாற்றான் கட்டைகள் பற்றும். வெற்றிடம் அழிந்தால் விட்டுவிடும். 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், அயர்லாந்திலே ஆர்மா என்னும் ஊரிலிருந்து ஞாயிறு வேதபாடசாலைப் பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை உல்லாசப் பயணமாக ஒரு வண்டி புறப்பட்டது. ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கமாட்டாது நின்றது. பின்பகுதிப் பெட்டிகளைக் கழற்றி விட்டுவிட்டு, முன்பகுதியை மேலே கொண்டுசெல்வோம் என்று பணியாளர் துணிந்தனர். கழற்றிய கணமே பின்பகுதியின் வெற்றிடப் பிரேக்கு இல்லாதொழிந்தது. எஞ்சியது கடைப்பெட்டியின் கைப்பிரேக்கும், சில்லுகளின் கீழ் வைத்த கற்களுமே. முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி இடித்தது, கற்கள் நொறுங்கின, பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னே வந்த வண்டியோடு மோதின. எண்பது உயிர்கள் மாண்டன. அவருட் பலர் சிறுபிள்ளைகள். அதே ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம், பயணிகளை ஏற்றும் வண்டிகளில் தானே பற்றும் பிரேக்கு இருத்தல் வேண்டுமெனச் சட்டமியற்றியது. குழாய் மாறவில்லை, காற்று மாறவில்லை. எது தானாக நிகழவேண்டும், எதற்கு முயற்சி வேண்டும் என்னும் முறையொன்றே தலைகீழாயிற்று.

இம்முறையை ஆங்கிலத்தார் 'ஃபெயில் சேஃப்' என்பர். பழுது நேர்ந்தாலும் காப்பான பக்கமே சாய்தல் என்று தமிழிற் சொல்லலாம். பொறி பழுதே படாது என்று இச்சொல் வாக்களிப்பதில்லை. பழுதுபடும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, பழுதுபடும்போது எப்பக்கம் விழவேண்டும் என்பதை மட்டும் தீர்மானித்து வைப்பது. மனிதன் தன் கைவேலையைப் பற்றிக் கொண்டிருக்கத்தக்க அடக்கம் இதைவிட வேறில்லை.

நீருக்கடியில் இருக்கும் கதவுகளுக்கு இவ்வடக்கம் மிகமிக வேண்டப்படுவது. கண்ணாற் காணவியலாத இடம், கையால் எட்டவியலாத ஆழம். பழந்தமிழர் இதனை அறிந்திருந்தனர். ஊவாத் தோட்டங்களுக்குத் தொழில் தேடி வந்தோரின் முன்னோர் ஊர்களான புதுக்கோட்டை, இராமநாதபுரப் பகுதிக் கண்மாய்களிலே குமிழித்தூம்பு என்றொரு மதகு உண்டு. குளத்தின் உள்ளே, கரையிலிருந்து விலகி, இரு கற்றூண்கள் நிற்கும். அவற்றின் அடியில், நீருக்குள், துளையிட்ட கற்பலகை. துளையை அடைக்கும் அடைப்புக்கட்டை. கட்டையை உயர்த்த ஒரு கழி. கழியை உயர்த்தினால் நீர் துளை வழியே தூம்பினுட் சென்று கரைக்கு அப்பால் வயலை அடையும். கழியை விட்டுவிட்டால் தன் பாரமும் தலைமேல் நிற்கும் நீரின் பாரமும் சேர்ந்து அடைப்பைத் துளையில் அழுத்திவிடும். மூடுவதற்கு ஆள் வேண்டியதில்லை. குளத்து நீரே காவலாள். அடைப்பு இறுகிவிட்டாலோ, நீரில் மூழ்கித்தான் அதனைத் தளர்த்த வேண்டும். உயிருக்கு ஊறு வரத்தக்க வேலை அது. இலங்கைப் பெருங்குளங்களிலே கரையினுள் சதுரக் கிணறாகக் கட்டப்பட்ட 'பிசோகொட்டுவ' என்னும் அமைப்பும், நீர் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் வால்வுக் கிணறே என்று, இங்கே நீர்ப்பாசனப் பகுதியில் எஞ்சினியராகப் பணிபுரிந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

இன்றைய கதவுகள் இன்னும் ஆழத்தில் இருக்கின்றன. ஆந்திரக் கரையிலே காக்கிநாடாவுக்கு அப்பால், வங்காள விரிகுடாவில் 2000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக் கடலடியிலிருந்து 2020 டிசம்பரில் இயற்கை வாயு எடுக்கத் தொடங்கினர். நமுனுகுல மலையை வேரோடு பெயர்த்து அவ்விடத்தில் இறக்கினால், அதன் முடி நீர்மட்டத்தை ஏறக்குறைய எட்டும், அவ்வளவு ஆழம். அங்கே மனிதன் செல்வதில்லை. கிணற்றின் வாயில் அமைந்த வால்வுகளைத் தொலைவிலிருந்தே திறக்கவும் மூடவும் வேண்டும். திறந்து மூடும் அந்த இரும்புக் கைக்கு இயக்கி என்று பெயர்.

அதன் உள்ளமைப்பு புகைவண்டிப் பிரேக்குக்கு நெருங்கிய உறவுடையது. ஓர் உருக்கு உருளை. அதனுள் ஒரு முசலம். முசலத்தின் ஒருபுறம் எண்ணெய் வரும் வழி, மறுபுறம் தடித்த உருக்குச் சுருள்வில். எண்ணெய் என்றாலும், இன்று பெரும்பாலும் நீரும் கிளைக்கோலும் சேர்ந்த திரவமே வழங்குகின்றது. சதுர அங்குலத்துக்கு 3000 முதல் 5000 இறாத்தல் வரையான அமுக்கத்தில் இத்திரவத்தைச் செலுத்தினால் முசலம் நகர்ந்து சுருள்வில்லை நெருக்கும். முசலத்தோடு இணைந்த தகடு நகர்ந்து, அதிலுள்ள துளை குழாய்க்கு நேராக வர, வாயு பாயும். அமுக்கம் இருக்கும்வரையே திறந்திருக்கும். மேலே கப்பலிலோ கரையிலோ மின்சாரம் நின்றாலும், எண்ணெய்க் குழாய் அறுந்தாலும், யாரேனும் அபாயப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றே விளைவு: சுருள்வில் விரிந்து தகட்டைத் திருப்பித் தள்ளும், துளை விலகும், வாயில் அடைபடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 2000 மீற்றர் ஆழத்தில் கடல்நீரின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 200 மடங்கு. அதுமட்டுமா? மேலிருந்து கீழே வரும் குழாயில் நிற்கும் திரவத் தூணுக்கும் அதே அளவு பாரம் உண்டன்றோ? மேலே அமுக்கத்தை முற்றாக நீக்கினாலும், அத்தூணின் பாரமே முசலத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும், சுருள்வில் தோற்றுவிடும். ஆதலின் சுருள்வில் இருக்கும் அறையையும் எண்ணெயால் நிரப்பி, நெகிழும் பையொன்றின் வழியே கடலின் அமுக்கத்தை அதற்கு ஊட்டிவிடுகின்றனர். இப்போது முசலத்தின் ஒருபுறம் குழாயிலுள்ள திரவத் தூண், மறுபுறம் கடலாகிய தூண். தராசின் இரு தட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே பாரம். எஞ்சிய சிறு வேறுபாட்டை வெல்லச் சுருள்வில்லுக்கு வலு இருந்தாற் போதும். குழாய் அடியில் அறுந்து கடல்நீர் உட்புகுந்தாலும் தராசு சரியாகவே நிற்கும், வால்வு மூடும். பகைவனாகிய கடலையே துணைவனாக்கிக்கொண்ட சூழ்ச்சி இது. மன்னார்க் கடலடியிலும் 2011இல் வாயு கண்டறியப்பட்டது. என்றேனும் அது எடுக்கப்படுமாயின் இத்தகைய கதவுகளே அங்கும் காவல் நிற்கும்.

ஆனால் ஊவா மக்கள் இதனைக் காணக் கடலுக்குச் செல்லவேண்டுவதில்லை. அவர்களின் காலடியிலேயே இதன் உடன்பிறப்பு இருக்கின்றது. உமா ஓயாவின் நீரைப் புகுல்பொலவில் அணையிட்டுத் தடுத்து, சுரங்கவழியாக டயரபாவில் உள்ள இரண்டாம் அணைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 15 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட சுரங்கத்தால் மலையைத் துளைத்துச் சென்று, 600 மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துக் கிணற்றில் வீழ்த்தி, வெல்லவாயவை அடுத்த ரந்தெனியவில் நிலத்தின் அடியே அமைந்த மின்நிலையத்துக்கு ஊட்டுகின்றனர். பின்னர் அந்நீர் கிரிந்தி ஓயாப் பக்கம் சென்று தெற்கின் வரண்ட நிலங்களுக்குப் பயன்படும். மின்நிலையத்தின் ஆற்றல் 120 மெகாவாற்று. 2024 ஏப்ரல் 24ஆம் நாள் ஈரான் ஜனாதிபதி முன்னிலையில் திறந்துவைக்கப்பட்டது.

மொத்த வீழ்ச்சி 700 மீற்றரளவு என்றால், அடியில் நிற்கும் நீர் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 70 கிலோகிராம் அளவுக்கு அழுத்துகின்றது. நிலையம் முழு ஆற்றலோடு இயங்குகையில் விநாடிக்கு ஏறத்தாழ 19 தொன் நீர் பாயவேண்டும். இத்தகைய உயர்வீழ்ச்சி நிலையங்களில் ஒவ்வொரு சுழலிக்கும் முன்னே பெரியதொரு வால்வு நிற்கும். எண்ணெய் அமுக்கத்தால் அது திறக்கும். எண்ணெய் இல்லாதுபோனால் நெம்புகோலில் தொங்கும் பெரும் எடையோ, குழாயிலுள்ள நீரின் அமுக்கமோ அதனை மூடிவிடும். குமிழித்தூம்பின் அதே அறம்: தடுக்கப்படும் நீரே தடுப்புக்குக் காவல்.

இது எப்போது வேலை செய்யும்? 2025 பெப்ரவரி 9ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணமென்று அமைச்சர் கூறினார். இராமகாதைக்குப் பின் இலங்கையை இவ்வளவு கலக்கிய குரங்கு வேறில்லை. அத்தகைய நேரத்தில் மின்கம்பிகளின் சுமை கணத்தில் அற்றுப்போகும். சுமை அற்ற சுழலி, கயிறறுந்த காளைபோல் ஓடத் தொடங்கும். தடுக்காவிட்டால் தன் வேகத்தாலேயே சிதையும். உயர்வீழ்ச்சிக்கு உகந்த பெல்ற்றன் சுழலியில், பாயும் நீர்த்தாரையின் குறுக்கே ஒரு தகடு விரைந்து வந்து தாரையைத் திசைதிருப்பிவிடும், சுழலி தணியும். தாரைக்கு வாயான ஊசிவால்வோ விரையாது, மெல்லமெல்ல மூடும். தகடு விரைய, ஊசி ஏன் மெல்ல நகரவேண்டும்?

இவ்விடத்திலேதான் 'தானே மூடிக்கொள்ளும்' என்னும் அறம் தன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. பதினைந்து கிலோமீற்றர்ச் சுரங்கத்துள் நகர்ந்துகொண்டிருக்கும் நீரின் பாரம் ஓர் இலட்சம் தொன்னுக்கும் மேல். முன்னே கதவைப் படீரென்று சாத்தினால் அவ்வளவு பாரமும் கதவில் வந்து மோதும். வீட்டுக் குழாயைச் சட்டென்று பூட்டும்போது சுவருக்குள் கேட்கும் 'டொக்' என்னும் ஒலி இதன் சிறுகுரல். நீர்ச்சம்மட்டி என்று இதனைக் கூறுவர். 1950ஆம் ஆண்டு சப்பானில் ஓய்காவா மின்நிலையத்தில், பராமரிப்பு வேலைக்காக வால்வின் கட்டுப்பாட்டு எண்ணெயை வடித்தனர். எண்ணெய் வடிந்தது, வால்வு தன் கடமைப்படியே மூடிற்று. மூடியதோ மிக விரைவாக. எழுந்த அமுக்க அலை பெருங்குழாயை ஓரிடத்தில் பிளந்தது. பிளவினூடே நீர் வெளியேறியதும் மேலே உண்டான வெற்றிடத்தால் மற்றோரிடத்தில் குழாய் நசுங்கித் தட்டையாயிற்று. மூவர் மாண்டனர். காப்புக்கென வைத்த கதவே கொன்றது. அன்றியும், எண்ணெய் வெளியேறும் வழியில் வைக்கும் ஒரு சிறு துளையின் அளவு எத்துணைப் பொறுப்புடையது என்பதை அன்று எஞ்சினியர்கள் கற்றனர். சுருள்வில்லோ எடையோ எவ்வளவு அவசரப்பட்டாலும், அச்சிறு துளை விடும் வேகத்திற்றான் எண்ணெய் வெளியேறும்; கதவும் அவ்வேகத்திற்றான் மூடும்.

மூடுவதே எங்கும் காப்பு என்பதும் இல்லை. வெள்ளகாலத்து அணையின் வழிந்தோடிக் கதவு மூடியவாறே சிக்கிக்கொண்டால் நீர் கரைமேல் ஏறி அணையையே அழிக்கும். அங்கே திறப்பதே காப்பு. இன்னும் நல்லது, கதவே வையாது நீர் தானே வழிந்தோடும்படி கலிங்கைக் கட்டிவிடுவது. குளங்கட்டிய முன்னோர் கலிங்கை அப்படித்தான் கட்டினர். கொதிகலனின் காப்பு வால்வும் திறந்தே காக்கின்றது. ஆகவே எந்தப் பக்கம் விழுவது நல்லது என்று கேட்பது பொறியின் வேலையன்று. பொறியை நிறுவுவோர் முதலில் அமர்ந்து சிந்தித்துத் தீர்க்கவேண்டிய கேள்வி.

அக்கேள்வியைச் சிலவற்றுக்குக் கேட்டு, சிலவற்றுக்குக் கேளாது விடுவதும் உண்டு. உமா ஓயாச் சுரங்கம் தோண்டப்பட்ட காலத்தில், 2014 டிசம்பரில், பாறை வெடிப்புகளினூடே நிலத்தடி நீர் பெருக்கெடுத்துச் சுரங்கத்துள் பாய்ந்தது. மேலே பண்டாரவளைச் சூழலில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்புக் கண்டது. ஒரு குடம் நீருக்காக மக்கள் பவுசர் வண்டியை எதிர்நோக்கி நிற்கவேண்டியதாயிற்று. 2017 ஜூன் மாதத்தில் பண்டாரவளை நகரில் மக்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். வெடிப்புகளுட் சீமெந்துச் சாந்தைச் செலுத்தி அடைக்க நெடுங்காலம் பிடித்தது. மின்நிலையத்துள்ளே ஒரு வால்வின் எண்ணெய் வற்றினால் என்ன செய்வது என்பதற்கு விடை ஆயத்தமாக இருக்கும். மலையுச்சியில் ஒரு குடும்பத்தின் கிணறு வற்றினால் என்ன செய்வது என்பதற்கு அப்படியொரு விடை ஆயத்தமாக இருக்கவில்லை. மலையின் பாறைக்குச் சுருள்வில் இல்லை. பீலித் தண்ணீரை நம்பி வாழும் மலைநாட்டாருக்கு இக்குறை சிறிதன்று.

சுருள்வில்லால் ஆகாத வேலையும் உண்டு. 2010 ஏப்ரல் 20ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில், 1500 மீற்றரளவு ஆழத்துக் கடலடியில் தோண்டிய எண்ணெய்க் கிணறு வெடித்தெழுந்து, மேலே மிதந்த துளைமேடை தீப்பற்றிப் பதினொருவர் மாண்டனர். கிணற்றின் வாயில் நின்ற பேரடைப்பு, உருக்குத் துளைகுழாயையே வெட்டி மூடவல்ல கத்திகளைக் கொண்டது. குழாயை வெட்டும் வலு சுருள்வில்லுக்கு இராது. ஆதலின் சேமித்து வைத்த திரவ அமுக்கத்தால் அவை இயங்கவேண்டும். மேலிருந்து தொடர்பு அறுந்தால் அவ்வமுக்கத்தை விடுவிக்க மின்கலம் வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இரண்டு. ஒன்றில் மின்கலம் வலுவிழந்திருந்ததும், மற்றதில் மின்காந்த வால்வொன்றின் கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்ததும் பின்னர் ஆய்விலே தெரிந்தன. குழாயோ வளைந்து ஒருபுறம் ஒதுங்கிக் கத்திகளின் பிடிக்கு முழுதும் அகப்படவில்லை. எண்பத்தேழு நாள் எண்ணெய் கடலிற் பாய்ந்தது. மின்கலத்தின் துணையை வேண்டிநிற்கும் காப்பு, எடையையும் வில்லையும்போல் உறுதியானதன்று. துணை தவறினால் அது விழும் பக்கம் காப்பான பக்கமன்று.

வில்லும் எடையும்கூட மறதிக்கு ஆட்பட்டவையே. ஆண்டுக்கணக்கில் அசையாது திறந்தே கிடந்த வால்வின் தகட்டில் படிவு சேரும், துரு ஏறும், வேண்டிய நாளில் வில் தள்ளினாலும் தகடு நகராது. அதனால் கடலடி வால்வுகளைக் குறித்த காலத்துக்கொருமுறை வேண்டுமென்றே மூடிப் பார்க்கின்றனர். முற்றாக மூடினால் உற்பத்தி நிற்கும் என்ற இடத்தில், சற்றே நகர்த்தி மீளவிட்டு, அசைகின்றதா என்று மட்டும் அறிகின்றனர். வருவாய் குறையுமென்று இச்சோதனையைத் தள்ளிப்போடும் முதலாளிகள் உலகெங்கும் உண்டு. தள்ளிப்போட்டதன் கணக்கு பின்னரே வரும்.

புகைவண்டிக்காரர் இவ்விடயத்தில் கண்டிப்பானவர். வெற்றிடப் பிரேக்குப் பூட்டிய வண்டி புறப்படுமுன், கடைப்பெட்டியில் கார்டு தன் அமுக்கமானியை நோக்குவார். எஞ்சின் உறிஞ்சிய வெற்றிடம் வண்டியின் வால்வரை வந்து சேர்ந்ததா என்று முள் காட்டும். பின்னர் தன் பக்கத்து வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடுவார், முள் விழும், எஞ்சினிலும் அதே முள் விழுவதை ஓட்டுநர் காண்பார். இடையிலுள்ள பெட்டிகள் எல்லாம் ஒரே குழாயில் கோத்தவை என்பது இருவருக்கும் அப்போது உறுதியாகும். வால்வை மூடியபின் முள் மீண்டும் எழும்வரை இருவரும் காத்திருப்பர். அதன் பின்னரே பச்சைக் கொடி அசையும்; பட்டிப்பொளை முகட்டைக் கடந்து வண்டி ஊவாவை நோக்கி இறங்கத் தொடங்கும்.